எப்போதும் பத்துப் பேர்

ஒரு தட்டில் வடை வந்தால் எது பெரியது என்றுதான் முதலில் பார்ப்பார். தான் எடுத்துத் தின்பதற்காக அல்ல. பெரும்பாலும் அந்தப் பெரிய வடையை எனக்கோ வேறு யாருக்கோதான் கொடுப்பார். ஆனால் பார்த்தாக வேண்டும், பார்த்ததைச் சொல்லியும் ஆக வேண்டும். "இதுதான் லா டாப்பு." கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடை வாழையிலைச் சாப்பாடு டாப்பு, கிள்ளானில் எந்தக் கோயில் அன்னதானம் டாப்பு, தீபாவளிக்கு ஆபீசில் யார் கட்டியிருந்த சேலை டாப்பு, எல்லாம் அவரிடம் வரிசையாக இருக்கும். ஒருமுறை ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காரில் சொன்னார்: "மூத்த மருமகதான் அதிகமா அழுதா. மத்தவங்கல்லாம் சும்மா."

நான் சிரித்துவிட்டேன். அப்போது எனக்கு அவரை நிறையப் பிடிக்கும்.

இப்போது பிடிக்காது. அவரைப் பற்றி எழுத உட்காரும்போதே காது சூடாகிறது. 'அவர்' என்று எழுதுவது பழக்கத்தால் வருவது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது எங்கள் கால் சென்டர். வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனிகளுக்காக நாங்கள் போன் எடுப்போம். வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஐஸ்பெட்டி குளிரவில்லை, ஆள் அனுப்புகிறேன் என்றீர்கள், வரவில்லை என்று நாடு முழுவதிலுமிருந்து திட்டு வந்து விழும். அவர் எங்கள் சூப்பர்வைசர். நான் சேர்ந்த அன்றைக்கே, "மேடம்லாம் வேணாம் லா, அக்கான்னு கூப்பிடு. பசியாறிட்டியா?" என்று கேட்டார். நான் கிள்ளானில் இருக்கிறேன் என்று தெரிந்ததும், அவரும் அங்கேதான் என்பதால், மாலையில் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஊர்ந்துகொண்டே என் அம்மாவின் முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று விசாரிப்பார். மறுநாள் அந்தத் தைலம் என் மேசையில் இருக்கும். அதையும் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் கோபம் எதைப் பற்றியது என்று புரியாது.

பச்சை நிறத்தை அவர் கண்டுபிடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். நேராக என் மேசைக்கு வந்து, மவுஸை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"மாலா, இங்க பாரு. எல்லாரும் நேத்து எத்தனை கால் எடுத்தாங்கன்னு இந்த வரிசையில இருக்கு. இதை அப்படியே செலெக்ட் பண்றேன். கண்டிஷனல் ஃபார்மட்டிங். டாப் டென். பச்சை. ஓகே. முடிஞ்சது!"

கம்ப்யூட்டர் ஷீட்டில் வெறும் எண்களாக இருந்த வரிசையில் பத்துக் கட்டங்கள் பச்சையாகின. அதிகமாக அழைப்பு எடுத்த பத்துப் பேர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? தன் மனதுக்குள் பிறந்ததிலிருந்து நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தை ஒரு மெஷினும் செய்கிறது என்று கண்டவரின் சந்தோஷம்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அந்த ஷீட் சுவரில் இருந்த பெரிய டிவியில் ஏறியது. பச்சையில் பெயர் வந்தவர்களுக்கு ஒரு சாக்லேட். எல்லோரும் கை தட்டினோம். ஒருவருக்கும் கெடுதல் இல்லை, விளையாட்டு மாதிரி இருந்தது.

அடுத்த தீபாவளிக்கு யாரும் வந்து சாப்பிடலாம் என்று அவர் வீட்டில் வைத்த திறந்த இல்ல விருந்துக்குப் போனேன். ஐஸ்பெட்டிக் கதவில் பிள்ளைகளின் பரீட்சை மதிப்பெண்களை அச்சடித்து ஒட்டியிருந்தார். பெரிய மகளின் வரிசை முழுக்கப் பச்சை. சின்ன மகள் எனக்கு ரோஸ் சர்பத் கொண்டுவந்து கொடுத்தாள். "உன் பேரென்னமா?" என்று கேட்டேன். அவள் பெயரைச் சொல்லாமல், "நான் ரெண்டாவது" என்றாள். அவர் பின்னாலிருந்து அவள் தலையைத் தடவி, "இவளும் நல்லாத்தான் படிக்கிறா, ஆனா அக்கா அளவுக்கு இல்ல" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அந்தக் குழந்தை தலையாட்டியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சிவப்பு வந்தது.

நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்தால் திரையில் 'பிரேக்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். இடையில் போன நிமிடங்கள் கணக்காகும். மேலிடத்தில் யாரோ அவரிடம் பிரேக் நேரம் அதிகமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதே வேலையைச் செய்தார். அதே டாப் டென். நிறம் மட்டும் வேறு. அதிக நேரம் நாற்காலியில் இல்லாத பத்துப் பேர் சிவப்பில் வந்தார்கள். சாக்லேட் இல்லை. திட்டும் இல்லை. அவர் யாரையும் திட்டவே மாட்டார். பெயர்களைச் சத்தமாக வாசிப்பார், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் பயம் வந்தது. தே தாரிக் டீ குடிக்கக் கீழே போவது நின்றது. பாத்ரூமுக்கு ஓடிப்போய் ஓடிவந்தோம். எல்லோருடைய நிமிடங்களும் குறைந்தன. பாதியாகக் குறைந்தன. ஆனால் மறுநாள் காலையிலும் சுவரில் பத்துப் பேர் சிவப்பாக இருந்தார்கள். அதற்கு மறுநாளும்.

எனக்கு அது புரியச் சில வாரங்கள் ஆயின. அந்த டாப் டென் ரூலுக்கு நல்லது கெட்டது தெரியாது. எவ்வளவு நிமிடம் என்பது அதற்கு முக்கியமே இல்லை. நாங்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டாலும் அது பத்துப் பேரைப் பிடித்துக் காட்டும். தப்பிக்க ஒரே வழி, வேறொருவர் உள்ளே போவதுதான்.

நாங்கள் அப்படித்தான் ஆனோம். எங்களோடு வேலை செய்த ஃபைசாலுக்கு ஒருநாள் நாசி லெமாக் சோறு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு. வெளிறிப்போய் பாத்ரூமுக்கும் நாற்காலிக்கும் அலைந்துகொண்டிருந்தான். பக்கத்து வரிசையிலிருந்து ஒருத்தி, "தெரிமா காசி லா ஃபைசால், இன்னைக்கு எங்களக் காப்பாத்திட்ட" என்று மலாயில் நன்றி சொல்லிக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மனிதர்களை இப்படி ஆக்கிவிட்டு, இந்தப் பெண்மணி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எல்லோருக்கும் முறுக்கு பங்கிட்டுக்கொண்டிருந்தார்.

சிவப்பில் ஒரு பெயர் மட்டும் மாறவே இல்லை. ரோஸ்லின் ஆன்டி.

ஆன்டி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். எங்களில் வயதில் மூத்தவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது, அடிக்கடி எழுந்து போயாக வேண்டும். முட்டி வேறு தேய்ந்திருந்தது, மெதுவாகத்தான் நடப்பார். ஒருநாள் சூப்பர்வைசரிடம் போய் நிலைமையைச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"டாக்டர் நெறைய தண்ணி குடிக்கச் சொல்றாரும்மா. குடிச்சா போகத்தானே வேணும்? அந்த லிஸ்டுல என் பேரை மட்டும் போடாம விட முடியுமா?"

அவர் ஆன்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆன்டி, நானா போடுறேன்? கம்ப்யூட்டர்தானே காட்டுது. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

கம்ப்யூட்டர் காட்டுகிறதாம்! என் மேசையில், என் மவுஸைப் பிடுங்கி, தன் விரலால் அழுத்திக் காட்டிய கை அது.

ஆன்டி மனதில் வைத்துக்கொண்டார். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். மேசையில் இருந்த பெரிய தண்ணீர் பாட்டில் காலையில் வந்தபடியே மாலையில் வீட்டுக்குத் திரும்பியது. நான் கேட்டால், "தாகமே இல்ல கண்ணு" என்பார். உதடு வெடித்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் ஆன்டிக்கு ஒரு நீண்ட அழைப்பு. ஜொகூரிலிருந்து ஓர் ஆள், அடுப்பு பற்றி விடாமல் கத்திக்கொண்டிருந்தான். ஆன்டி மெல்லிய குரலில் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தார். அழைப்பு முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஷிப்ட் முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போனேன். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ போ கண்ணு. நான் கொஞ்சம் கழிச்சு வரேன்."

நாற்காலியின் அடியில் தரைவிரிப்பு நனைந்திருந்தது.

கண்ணாடி அறையிலிருந்து அவர் வந்துவிட்டார். பார்த்தவுடன் புரிந்துகொண்டார். கீழே ஓடிப்போய்த் தன் காரிலிருந்து ஒரு கைலியும் துண்டும் கொண்டுவந்தார். ஆன்டியைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்து, நான் தடுக்கத் தடுக்க, முட்டி போட்டு உட்கார்ந்து அந்த நாற்காலியைத் தானே துடைத்தார். தரைவிரிப்பையும் துடைத்தார். "யாருகிட்டயும் சொல்லாத மாலா. பாவம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆன்டியை பிரிக்பீல்ட்ஸில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் நாங்கள் கிள்ளானுக்குப் போனோம்.

மறுநாள் காலை டிவியில் ரோஸ்லின் ஆன்டியின் பெயர் சிவப்பில் இருந்தது. அவர் அதை வாசித்தார்.

நான் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, நேத்து உங்க கையால துடைச்சீங்க. இன்னைக்கு எப்படி அந்தப் பேரைப் படிக்க முடிஞ்சது?"

"அது வேற, இது வேற மாலா."

"எடுத்துடுங்க. ஆன்டி பேரை அதுலேர்ந்து எடுத்துடுங்க."

அவர் பொறுமையாகத் திரையை என் பக்கம் திருப்பினார். "எடுக்கலாம். எடுத்தா என்ன ஆகும்? பதினொண்ணாவது ஆளு உள்ள வருவாங்க. யாருன்னு பாக்குறியா?" ஆன்டியின் எண்ணை அழித்தார். சிவப்பு கீழே எங்கோ ஒரு கட்டத்துக்குத் தாவியது. என் பெயர்.

"வரட்டும்" என்றேன்.

"பைத்தியமா? நீ கால்ஸ்ல பச்சை. ஒரே ஆளு பச்சையிலயும் சிவப்புலயும் வந்தா ஷீட்டு பாக்க நல்லாவா இருக்கும்?" ஆன்டியின் எண்ணை மறுபடி போட்டார். சிவப்பு திரும்பி ஆன்டியின் பெயருக்குப் போய் உட்கார்ந்தது. "நல்ல ஸ்டாஃபை நான் விட்டுக் குடுக்க மாட்டேன் லா."

எனக்கு நல்லது செய்துவிட்டதாக நம்பினார். அன்று அந்த அறையிலிருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை எடுத்து அந்தத் திரையில் வீசாமல் நான் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நாற்காலி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காப்பி போடும் அறையில் எல்லோரிடமும் மற்றதைச் சொன்னேன். எவ்வளவு ஓடினாலும் பத்துப் பேர் இருப்பார்கள் என்று. ஒருவர் போனால் இன்னொருவர் என்று. கேட்டுக்கொண்டிருந்த ஃபைசால் தலையைச் சொறிந்தான். "அப்போ எல்லாரும் சாமா சாமா இருந்தா? ஒரே நிமிஷம்? யாரு டாப்பு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.

அவர் கோலாலம்பூருக்கு மீட்டிங்குக்காகப் போயிருந்த நாளில் அதைச் செய்தோம். காலையில் ரோஸ்லின் ஆன்டி பட்டனை அழுத்திவிட்டு மெல்ல எழுந்தார். நாங்கள் எல்லோரும் பட்டனை அழுத்திவிட்டு எழுந்தோம். போனில் இருந்தவர்கள், "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். ஆன்டி திகைத்துப்போனார்.

"என்ன லா இது? எல்லாரும் எங்க கெளம்பிட்டீங்க?"

"உங்க கூடத்தான் ஆன்டி" என்றான் ஃபைசால், தனக்குத் தெரிந்த தமிழில்.

நாற்பது பேர் பாத்ரூம் வாசலில் வரிசையாக நின்றோம். ஆன்டி வெளியே வந்து நாற்காலிக்குத் திரும்பும் வரை ஒருவரும் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்தபோது நாங்களும் உட்கார்ந்தோம். அவர் எழுந்தபோதெல்லாம் எழுந்தோம். பிற்பகலில் ஆன்டிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பாட்டில் தண்ணீரை எல்லோர் முன்னாலும் மடக் மடக்கென்று குடித்தார்.

மறுநாள் காலை டிவியில் பிரேக் வரிசை மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. எல்லோருக்கும் ஒரே நிமிடம். பத்தைப் பிரித்தெடுக்க ரூலுக்கு வழியில்லாமல் அத்தனை பேரையும் நிறமடித்துவிட்டிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் நான் இன்றைக்கு அவரை மன்னித்திருக்கக்கூடும். அவர் உட்கார்ந்தார். கீபோர்டை இழுத்தார். எங்கிருந்தோ ஏதோ எடுத்து ஒட்டினார். சிவப்பு சுருங்கியது. சுருங்கிச் சுருங்கி, பத்துக் கட்டங்களில் போய் நின்றது.

"நிமிஷத்த விட்டுட்டு செகண்ட் கணக்குல எடுத்துட்டேன்" என்று எங்களைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் அந்தப் பழைய சந்தோஷம். "பாத்தீங்களா? இருக்காங்க. எப்பவும் பத்துப் பேரு இருப்பாங்க."

முதல் பெயர் ரோஸ்லின் ஆன்டி. முட்டி வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்த அவருக்குத்தானே எல்லோரையும்விட நேரம் ஆகும்?

சூப்பர்வைசர் வாசிக்க வாயெடுத்தார். ஆன்டி எழுந்து நின்றார்.

"படிம்மா. நல்லா சத்தமா படி. பேரை மட்டும் படிக்காத. என்ன செஞ்சேன்னு அதையும் படி. ரோஸ்லின், ஒண்ணுக்குப் போனா. அப்படிப் போடு அந்த ஷீட்டுல. அன்னைக்கு ஒருநாள் போகாம நாற்காலியிலேயே போனா, அதையும் போடு. அதுக்கு என்ன கலரு வச்சிருக்க?"

ஆன்டி சூப்பர்வைசரின் முகத்தை நேராகப் பார்த்தார். "எனக்கு வெக்கமில்ல. உனக்குத்தான் இருக்கணும்."

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். பட்டனைத் தொடாமல் பாத்ரூமை நோக்கி நடந்தார். மெதுவாக, தன் வேகத்தில். அவருடைய காலி நாற்காலியின் முன்னால் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் தளத்தில் ஒருவரும் பிரேக் பட்டனை அழுத்தவில்லை. போக வேண்டியபோது போனோம். காலி நாற்காலிகளின் முன்னால் போன்கள் அடித்து ஓய்ந்தன. வாடிக்கையாளர்கள் மேலிடத்துக்குப் புகார் செய்தார்கள். பெரிய பாஸ் ஒருநாள் நேரில் வந்து, ஆன்டியோடும் எங்களோடும் பேசிவிட்டு, அந்த வரிசையையே ஷீட்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஆன்டி அதற்குப் பிறகும் அங்கே வேலை செய்து, தானாகத்தான் ஓய்வு பெற்றார். சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு ஏன் ஆகப்போகிறது? அவர் ஒருவரையும் திட்டியதில்லை, ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தியதும் இல்லை. பின்னால் வேறொரு பெரிய கம்பெனிக்கு, இதைவிடப் பெரிய பதவிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அங்கே எத்தனை பேர் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களோ.

பெரிய பாஸ் வந்துபோன அன்று மாலை நான் கடைசியாக அவர் காரில் ஏறினேன். வழக்கம்போல ஜாம். காரை ஊர்ந்து ஓட்டிக்கொண்டே கேட்டார்:

"மாலா, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா சொல்லு. நான் மீட்டிங் போன அன்னைக்கு மொதல்ல எழுந்தது யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னு ஒண்ணு கெடையாது. மொதல்ல ஒருத்தர் எழுந்திருப்பாங்க. அடுத்தது ஒருத்தர். நீ எத்தனாவது?"

ஆன்டி எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டிருக்கலாம். எவ்வளவோ கேட்டிருக்கலாம்.

செத்தியா ஜெயா ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரிந்தது. கார்கள் நின்றுகொண்டிருந்தன. நான் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"மாலா! ஏறு லா! வெயில்ல நடக்காத, மோட்டார் சைக்கிள்லாம் வரும்!"

நான் திரும்பவில்லை. அவர் காரை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, என் நடை வேகத்துக்கே காரை உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஹாரன் அலறியது. கெட்ட வார்த்தைகூடக் கேட்டது. அவர் விடவில்லை. இறங்கியிருந்த கண்ணாடி வழியாக, "குடையாச்சும் எடுத்துக்கோ" என்று நீட்டினார். அந்த அக்கறை நிஜம். அதில் கொஞ்சமும் பொய் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால் என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

குடையை வாங்காமல் நிலையத்தின் படியேறி, ரயில் வரும் வரை சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.